"எனக்கு ஒண்ணும் தெரியல கண்ணு!" - ஆயாவுக்கு வந்தது மறதியா, மனச்சோர்வா?

தருமபுரி மாவட்டம் அரூரில் பஸ் ஏறினால், தீர்த்தமலை ஊர் வருவதற்கு முன்பே மலை வந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரொம்ப தூரத்துக்கு அது கூடவே வரும். மலைமேல் தீர்த்தகிரீஸ்வரர் கோயில். பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தத்தில் நனைவதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். காலைப் பூஜைக்குக் காசியிலிருந்து தீர்த்தம் வரத் தாமதமானதால், ராமர் அம்பு விட்டு வரவழைத்த தண்ணீர் அது என்பது கதை. தாமதமாகக் கொண்டுவந்த அனுமன் அதை வீசியெறிய, அது விழுந்த இடம்தான் தென்பெண்ணை ஆற்றங்கரையின் அனுமந்தீர்த்தம்.

எங்கள் ஆயாவுக்கு (அப்பாவின் அம்மா) இந்தக் கதை மனப்பாடம். போன் பண்ணினால் "சாப்டியா கண்ணு" என்று கேட்பதற்கு முன்பே தீர்த்த நிலவரம் சொல்லிவிடுவார். "தண்ணி நல்லா விழுது", "இந்த வருஷம் நூலாட்டம்தான் வருது", "குரங்குத் தொல்லை தாங்கல". டி.வி வானிலை அறிக்கை மாதிரி, தினமும்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆயா வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆனது. வாக்கரைப் பிடித்து நடக்கலாம், ஆனால் தனியாக இருக்கக் கூடாது என்றார்கள். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஆளுக்கொரு ஷிஃப்ட். குடியிருப்பது மாடியில் ஒற்றை அறை லைன் வீடு, பாத்ரூம் கீழே. அத்தை பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்கியிருக்கிறார். நான் சென்னையில் ஹாஸ்டல். அரூர் வட்டாரத்தில் விசாரித்தால் பாதி வீடுகளின் கதை இதுதான். வேலை திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும், வயதானவர்கள் ஊரில் இருப்பார்கள்.

ஆக, திருப்பூருக்குப் பக்கத்தில் ஓர் இல்லம். மாதம் 8,000 ரூபாய். சொந்தக்காரர்கள் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை.

முதல் மாதம் ஆயா தினமும் போனில் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "ராமர் தீர்த்தத்துல தண்ணி விழுதாம்மா? யாராச்சும் சொன்னாங்களா?"

இரண்டாவது மாதம் கேட்பது குறைந்தது. மூன்றாவது மாதம் கேட்கவே இல்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார். ஒருநாள் இல்லத்திலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. "உங்க அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு சார். டிமென்ஷியா மாதிரி இருக்கு. இனி தனி கவனிப்பு வேணும், சார்ஜ் கொஞ்சம் கூடும்."

நான் போய்ப் பார்த்தபோது ஆயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். "நான் யார் தெரியுதா ஆயா?" என்றதற்கு, "தெரியல கண்ணு" என்றார். அந்த 'கண்ணு' எனக்குக் கொஞ்சம் இடித்தது. என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீங்க, அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று எதைக் கேட்டாலும் "தெரியல… எனக்கு ஒண்ணும் தெரியல". யோசித்துப் பார்க்கக்கூட முயலவில்லை.

'தெரியல' என்ற பதிலில் என்ன இருக்கிறது?

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். "மறதிக்கு எதுக்கு மனநல டாக்டர்?" என்று அப்பா தயங்கினார். அங்கே இருந்த மருத்துவர் ஆயாவிடம் பேசியது கொஞ்சம், எங்களிடம் கேட்டதுதான் அதிகம். எப்போதிலிருந்து இப்படி? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாகவா? இதற்கு முன்பு வீட்டில் பொருளை வைத்த இடம் மறந்தாரா, அடுப்பை அணைக்க மறந்தாரா, தெரிந்த தெருவில் வழி தவறினாரா? விடியற்காலையில் சீக்கிரமே விழித்துக்கொள்கிறாரா? காது கேட்கிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

அன்று தெரிந்துகொண்டதையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். டிமென்ஷியா எனும் மறதிநோய் பெரும்பாலும் மெதுவாக வரும். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் வீட்டில் யாராலும் நாள் சொல்ல முடியாது. வந்தவர் அதை மறைக்கப் பார்ப்பார், மழுப்புவார், தெரியாததற்கும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார். 'ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்று சண்டைக்கு வருபவர்களும் உண்டு. வயதானவருக்கு வரும் மனச்சோர்வு வேறு மாதிரி. சில வாரங்களிலோ மாதங்களிலோ வந்துவிடும். ஒரு சாவு, ஒரு விழுகை, ஓர் இடமாற்றம் என்று முன்னால் ஒரு காரணம் பல நேரம் இருக்கும். தனக்கு ஞாபகம் இல்லை என்று அவரே புலம்புவார். கேட்டால் யோசிக்காமல் 'தெரியல' என்பார், ஏனென்றால் யோசிக்கும் தெம்பு இருக்காது. பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மருத்துவர்கள் இதைப் 'போலி மறதிநோய்' என்று சொல்வதுண்டு.

மூன்றாவதாகவும் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப்போய் உளறுகிறார், ஆளைத் தெரியவில்லை, ஒரு நேரம் தெளிவாகவும் ஒரு நேரம் மயக்கமாகவும் இருக்கிறார் என்றால் அது உடம்புக் கோளாறாக இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம். இதற்கு அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

ஆயாவுக்கு ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் பி12 மிகக் குறைவாக இருந்தது. தைராய்டு சரியாக இருந்தது. இரண்டு காதிலும் அழுக்கு அடைத்துக் கிடந்தது. மூன்று மாதமாக இல்லத்தில் யார் என்ன சொன்னாலும் அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் எழுதியது மனச்சோர்வு என்றுதான்.

அந்தச் சீட்டைப் பார்த்து அப்பா அழுதார். மறதி இல்லை என்ற நிம்மதியா, 'நாமதானே கொண்டுவந்து விட்டோம்' என்ற வலியா என்று நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மருத்துவர் சொல்லி அனுப்பினார். மனச்சோர்வும் மறதிநோயும் ஒருவருக்கே சேர்ந்தும் வரலாம். முதுமையில் புதிதாக வரும் மனச்சோர்வு, சிலருக்குப் பின்னால் வரப்போகும் மறதிநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நாங்கள் இன்னும் போய்க்கொண்டிருக்கிறோம்.

கணக்கில் வராதவர்கள்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஒரு தேசிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களில் 5.8, பெண்களில் 9. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. 'டென்ஷன் இல்லாத கிராமத்துக் காற்று' பற்றி வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்பவர்கள் இந்தக் கடைசி இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

மனச்சோர்வின் கணக்கு இன்னும் யோசிக்க வைக்கிறது. 2017-18-ல் நடந்த இந்திய முதுமை ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.3 சதவிகிதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. ஆனால், 'எனக்கு மனச்சோர்வு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்' என்றவர்கள் 0.8 சதவிகிதம்தான். பத்தில் ஒருவருக்குத்தான் தனக்கு வந்திருப்பது என்னவென்றே தெரிந்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் வீடு வீடாகப் போய் எடுக்கப்பட்டவை. முதியோர் இல்லத்தில் கட்டில் எண்ணோடு இருப்பவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. துணையை இழந்தவர்கள், விழுந்து அடிபட்டவர்கள், பிள்ளைகள் தூரத்தில் இருப்பவர்கள் என்று மனச்சோர்வுக்கான காரணங்கள் அத்தனையும் உள்ளவர்கள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் அது. அங்கே நிலைமை எப்படி இருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நம் ஊர்ப் பெரியவர்கள் 'எனக்கு மனசு சரியில்லை' என்று சொல்வதும் அபூர்வம். நெஞ்சு அடைக்குது, வாய் கசக்குது, காலு ஓயுது, தூக்கம் வரல என்று உடம்பைத்தான் சொல்வார்கள். இல்லத்தில் இருப்பவர்கள் ஜெலுசிலும் வலி மாத்திரையும் கொடுத்துவிடுவார்கள். முதுமை மனச்சோர்வைக் கண்டுபிடிக்க 1980-களில் உருவாக்கப்பட்டு இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு கேள்வித்தாள் உண்டு. சுருக்கமான வடிவத்தில் 15 கேள்விகள், எல்லாவற்றுக்கும் ஆம், இல்லை என்று பதில். அதில் தூக்கத்தையோ பசியையோ பற்றிக் கேட்கவே மாட்டார்கள். வயதானால் இவை எப்படியும் குறையும் என்பதால், மனதைப் பற்றி மட்டும் கேட்பார்கள். கேட்டு முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸே கேட்கலாம். நோயை உறுதிசெய்வது மருத்துவர் வேலை. ஆனால் யாரை அவரிடம் அனுப்ப வேண்டும் என்பது இந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

'செத்தா தேவல', 'எமன் என்னை மறந்துட்டான்' என்பதையெல்லாம் கிழவிகளின் வழக்கமான பேச்சு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அதே பேச்சு அடிக்கடி வந்தாலோ, கூடவே சாப்பாடும் குறைந்தாலோ சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்.

'இன்னிக்கு என்ன தேதி?'

மறதியைப் பரிசோதிக்க உலகம் முழுவதும் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, இன்று என்ன தேதி என்பது. ஆயாவிடம் இதைக் கேட்டால் நல்ல ஞாபகத்தோடு இருந்த காலத்திலும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அமாவாசைக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பது விரல் நுனியில் இருக்கும். ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்பதெல்லாம் பள்ளிக்கூடம் போனவர்களை மனதில் வைத்துச் செய்த பரிசோதனைகள்.

இந்தச் சிக்கலை நம் ஆட்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கேள்விகளையே மாற்றினார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றார்கள். 1998-ல் கொச்சியில் நடந்த ஒரு மாநாட்டை ஒட்டி '10/66' என்றோர் ஆய்வுக்குழு உருவானது. மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவிகிதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவிகிதம்கூட அவர்களைப் பற்றி நடப்பதில்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அந்தக் குழுவின் இந்திய ஆய்வு இடங்கள் இரண்டுமே தமிழ்நாட்டில்தான். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், இல்லத்தில் ஆயாவுக்கு 'ஞாபகம் போயிடுச்சு' என்று முடிவு செய்தது தேதியையும் கிழமையையும் கேட்டுத்தான். அவர் யார், என்ன தெரிந்தவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சேர்க்கும்போது நாங்கள் நிரப்பிய படிவத்தில் ஆதார் எண், சர்க்கரை உண்டா இல்லையா, அவசரத்துக்கு யாருக்கு போன் செய்ய வேண்டும் என்ற விவரங்கள்தான் இருந்தன.

பக்கத்துக் கட்டில்

ஆயாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவுக்கு நிஜமாகவே மறதிநோய். பகலில் அமைதியாக இருப்பார். பொழுது சாய ஆரம்பித்ததும் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். "வீட்டுக்குப் போகணும், மாடு கத்தும்." கேட்டைப் பூட்டினால் கத்துவார், அடிப்பார். மறதிநோயில் மாலை நேரத்துப் பதற்றம் பலருக்கும் வரக்கூடியது. 'உங்களுக்கு வீடே இல்லம்மா, வித்தாச்சு' என்று உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு நாளும் அவர் புதிதாகத் துக்கப்பட வேண்டியிருக்கும்.

அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா மட்டும் அவரைத் தடுக்க மாட்டார். "வாங்கம்மா போலாம். எத்தனை மாடு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே கேட் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், ஒரு சுற்றுச் சுற்றி, "மாட்டைக் கட்டியாச்சு, காபி குடிக்கலாமா?" என்று திரும்பக் கூட்டிவருவார். எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். எங்கேயும் கற்கவில்லையாம், அவருடைய மாமியாரும் இப்படித்தானாம். மறதிநோய் உள்ளவரிடம் வாதாடாதீர்கள், அவர் இருக்கும் உலகத்துக்குள் நீங்கள் போங்கள் என்று நிபுணர்கள் சொல்வதும் இதைத்தான்.

அந்த அக்கா லீவு போட்ட நாள்களில் அந்த அம்மாவுக்குத் தூக்க மாத்திரை. 'இல்லைன்னா சமாளிக்க முடியாது' என்றார்கள். நாற்பது பேருக்கு இரவில் இரண்டு ஆயாம்மாக்கள் என்றால் வேறு எப்படிச் சமாளிப்பார்கள் என்று எனக்கும் தெரியவில்லை, அவர்கள்மேல் மட்டும் கோபப்பட முடியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு மனநோய்க்கான சில மாத்திரைகளைக் கொடுப்பது மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்தது. தூக்க மாத்திரைகள் குழப்பத்தையும் கீழே விழுவதையும் கூட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர் இல்லத்தில் எப்போது பார்த்தாலும் தூங்கிக்கொண்டே இருந்தால், என்ன மாத்திரை, எந்த டாக்டர் எழுதியது, எத்தனை நாளைக்கு என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்பது உங்கள் உரிமை.

'ஓ காதல் கண்மணி' படத்தில் லீலா சாம்சன் நடித்த பவானி ஆன்ட்டியை நமக்கெல்லாம் பிடிக்கும். பாட்டும் அழகும் நிறைந்த மறதி அது, பக்கத்திலேயே பிரகாஷ்ராஜ் இருப்பார். பிரகாஷ்ராஜ் இல்லாத வீடுகளைப் பற்றியும் யாராவது படம் எடுத்தால் நன்றாக இருக்கும்.

ஒரு செடியும் நூறு கிளிகளும்

ஆயாவுக்கு மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரத்திலிருந்து கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தார். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாகும், அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். காதைச் சுத்தம் செய்தாயிற்று. பி12 ஊசி போட்டாயிற்று. ஆனாலும் முழுசாகத் தேறவில்லை. மருத்துவர் கேட்ட ஒரு கேள்விதான் வழி காட்டியது. "அங்க காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் அவங்க என்ன பண்றாங்க?"

ஒன்றும் செய்வதில்லை. எழுப்பும்போது எழ வேண்டும், கொடுக்கும்போது சாப்பிட வேண்டும், டி.வி போடும்போது பார்க்க வேண்டும். எழுபது வருடம் ஒரு நிமிடம் சும்மா உட்காராத கை அது. எங்கள் பக்கம் மாசி, பங்குனி வந்தால் வீட்டுக்கு வீடு புளிதான். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆயா கதை பேசிக்கொண்டே, பார்க்காமலே கொட்டை எடுப்பார்.

1970-களில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், 'உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எந்த நாள் சினிமா பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இந்தச் செடியை நீங்களே வளர்க்க வேண்டும்' என்றார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள், ஆனால் தண்ணீர் ஊற்றுவது நர்ஸ் வேலை, எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்கள். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் கூடுதல் சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். சிறிய ஆய்வுதான், அதன் கணக்குகளைப் பற்றிப் பின்னால் கேள்விகளும் எழுந்தன. ஆனாலும் முதியோர் கவனிப்பில் இருப்பவர்கள் இன்றுவரை பேசும் ஆய்வு அது.

1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் பில் தாமஸ் என்ற மருத்துவர் இன்னும் ஒருபடி மேலே போனார். தான் வேலை பார்த்த முதியோர் இல்லத்துக்குள் இரண்டு நாய், நான்கு பூனை, நூறு கிளிகளைக் கொண்டுவந்து விட்டார். கூண்டுகள் வருவதற்கு முன்பே கிளிகள் வந்துவிட்டதாம்! அந்தக் களேபரத்தில் பேசாமல் இருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள், நடக்காதவர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன் என்றார்கள். அதுல் கவாண்டே தன் புத்தகத்தில் இதை விவரித்த பிறகு உலகம் முழுக்கப் பிரபலமானது. இல்லவாசிகளைக் கொல்வது நோய் மட்டுமில்லை, சலிப்பும் தனிமையும் கையாலாகாத நிலையும்தான் என்பது தாமஸின் வாதம்.

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் ஹெல்ப்ஏஜ் இந்தியா உருவாக்கிய தாமரைக்குளம் முதியோர் கிராமம், பெரிய ஹாலில் வரிசையாகக் கட்டில் போடுவதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன வீடுகள், தோட்டம் என்று ஓர் ஊர் மாதிரியே அமைக்கப்பட்டது.

நாங்கள் கிளி வாங்கவில்லை. அப்பா ஊரிலிருந்து ஒரு மூட்டை புளி கொண்டுவந்தார். இல்லத்தில் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வேலை வாங்குகிறோம் என்று புகார் வரும், எறும்பு வரும் என்றார்கள். ஒரு தார்ப்பாயும் வாங்கிக் கொடுத்து, நாங்களே கூட்டிப் பெருக்கிவிடுகிறோம் என்ற பிறகு சம்மதித்தார்கள். ஆயா புளியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இது எந்த மரம்? இவ்ளோ நாரா இருக்கு, எவன் குடுத்தான்?"

அப்பாவுக்குத் திட்டு வாங்கியதில் அவ்வளவு சந்தோஷம்.

பத்து நாளில் தார்ப்பாயைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் அதில் ஒருவர். அவருக்கு மகன் பெயர் ஞாபகம் இல்லை. ஆனால் கொட்டை எடுக்கும் வேலை கைக்கு மறக்கவில்லை. மறதிநோயில் புதிய சம்பவங்கள் முதலில் அழியும், பழகிப்போன கைவேலைகள் ரொம்ப நாள் தங்கும். மறதிநோயை முழுசாகக் குணப்படுத்த மருந்தில்லை. அந்த அம்மா வர வர மோசமாகத்தான் ஆவார் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆனால் புளி இருந்த நாள்களில் சாயங்காலப் பதற்றம் குறைவாக இருந்தது என்று அந்த அக்கா சொன்னார்.

சேர்ப்பதற்கு முன்பும், சேர்த்த பின்பும்

எங்களுக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இல்லம் பார்க்கப் போகும்போது ரூமையும் டைல்ஸையும் பார்க்காதீர்கள். மத்தியானம் மூன்று மணிக்குச் சொல்லாமல் போய், அங்கே இருப்பவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் படுத்திருந்தால் யோசியுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். மனநல மருத்துவர் வருகிறாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றும் கேளுங்கள்.

சேர்க்கும்போது ஆதார் நகலோடு இன்னொரு தாளும் கொடுங்கள். அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், என்ன வேலை செய்தார், எந்தக் கோயில், எந்தப் பாட்டு, களி பிடிக்குமா இட்லி பிடிக்குமா, எத்தனை மணிக்கு எழுவார், எதற்குக் கோபம் வரும், எந்தச் சாவைப் பற்றிக் கேட்கக் கூடாது. ஆயாவுக்காக நான் இரண்டாவது முறை எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. இப்போது அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறார்கள். காதையும் கண்ணையும் வருடம் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் பட்டியலிட்டது. கேட்கும் திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை, மனச்சோர்வு நான்குமே அதில் உண்டு.

பிள்ளைகள் கைவிட்ட பெற்றோருக்குச் சட்டமும் இருக்கிறது. 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, தங்களைப் பராமரிக்கக் கோரிப் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். தீர்த்தமலைக்காரர்களுக்கு அது அரூர். வழக்கறிஞர் தேவையில்லை. ஆதரவற்ற முதியவர்களுக்காக மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 பேர் தங்கும் அளவுக்கு அரசு இல்லம் அமைக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று இல்லை, 'அமைக்கலாம்' என்று இருக்கிறது. அந்த ஒரு சொல்லில் எத்தனை பேர் தங்க இடமில்லாமல் போனார்களோ!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு வீட்டுப் படியேறும் அந்தப் பணியாளர்கள், மனசைப் பற்றியும் மறதியைப் பற்றியும் தலா ஒரு கேள்வி கேட்டால்கூடப் போதும், பல ஆயாக்கள் மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்க வேண்டியதில்லை.

முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டுமே இலவசம், தமிழில் பேசலாம்.

ஆயா இப்போதும் அதே இல்லத்தில்தான் இருக்கிறார். வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் லைன் வீட்டு பாத்ரூம் இன்னும் கீழேதான் இருக்கிறது. இந்த வருடம் மாசி மகத்துக்கு வாடகை காரில் தீர்த்தமலைக்குக் கூட்டிப்போனோம். மலையேற முடியாது. அடிவாரத்தில் காரின் கதவைத் திறந்துவைத்து, மலையைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்கள் வந்து வந்து பேசினார்கள். இரண்டு பேரின் பெயரை மாற்றிச் சொன்னார், ஒருவரிடம் பழைய கடன் 200 ரூபாயைச் சரியாகக் கேட்டார்.

போன வாரம் நான் போன் பண்ணினேன். எடுத்ததும் வந்த கேள்வி, "ராமர் தீர்த்தத்துல தண்ணி விழுதா கண்ணு?"

எனக்குத் தெரியவில்லை. கட் பண்ணிவிட்டு, அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் பெரியம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். கேட்டு, திரும்ப ஆயாவுக்குச் சொன்னேன். நூலாட்டம் விழுகிறதாம்.